அம்மாவின் புடவையில் ஒரு போர்வை

இறுதிக் காரியம் முடிந்த பிறகும் அம்மாவின் புடவைகளும் அப்பாவின் சட்டைகளும் பீரோவிலேயே கிடக்கும். உடுத்த முடியாது, கொடுத்துவிடவும் மனம் வராது. அவற்றைப் போர்வையாகத் தைக்கலாம்.

வங்காளத்துக் காந்தாத் தையலும் பழந்துணி வேலைதான். நைந்த புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவார்கள். பூவேலைக்கு நூலைப் புடவைக் கரையிலிருந்தே உருவுவார்கள். இறந்தவரின் நினைவைத் துணியில் தைப்பதும் புதிதல்ல: 1987 அக்டோபரில் வாஷிங்டனில், எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாக 1,920 துணிகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி. பலவற்றில் இறந்தவரின் உடுப்பையே வைத்துத் தைத்திருந்தார்கள்.

உங்கள் ஊர் தையற்கடையிலேயே இந்தப் போர்வையைத் தைக்கலாம். பருத்தியோடு நைலக்ஸைச் சேர்க்காதீர்கள், இஸ்திரிச் சூட்டில் உருகிவிடும். பனியன் துணி இழுபடும். அடியில் ஒட்டு கேன்வாஸ் கொடுக்கச் சொல்லுங்கள். நம் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம், இரண்டு அடுக்கே போதும். சட்டைப் பையைப் பிரிக்காமல் விடுங்கள், அதுதான் அழகு! ஆனால் கத்தரி வைக்கும் முன், கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.