கிரகங்களின் மின்னிசை

ஆங்கில இசைமேதை குஸ்தவ் ஹோல்ஸ்ட், முதல் உலக யுத்த காலத்தில் இயற்றிய ‘கிரகங்கள்’ என்னும் வாத்திய இசைத்தொடர், வானசாஸ்திரத்தைக் காட்டிலும் சோதிடத்தையே ஆதாரமாகக் கொண்டது. அதனாலேயே ஏழு கிரகங்களுக்கு இசை வகுத்த அம்மேதை பூமிக்கு இடமளிக்கவில்லை. நிறைவுப் பகுதியாகிய நெப்டியூனில், அரங்கிற்கு வெளியே ஓர் அறையில் நின்று பாடும் பெண்களின் குரல், அறைக்கதவு மெல்ல மெல்லச் சாத்தப்படுவதால் தேய்ந்து தேய்ந்து அடங்குமாறு அவர் செய்திருக்கும் உபாயம் அற்புதமானது.

இத்தொடரையே ஜப்பானியக் கலைஞர் இசாவோ டொமிட்டா, வாத்திய கோஷ்டியின் துணையின்றி, மூக் சிந்தசைசர் முதலான கருவிகளால் ஒலி ஒலியாக உருவாக்கி, ஒலிநாடாவில் அடுக்கடுக்காகப் பதிந்து, 1976இல் மின்னிசையாக்கினார். தொடக்கத்தில் இசைப்பெட்டியின் கிணுகிணுப்பில் வியாழனின் மெட்டு. பிறகு ராக்கெட் கிளம்பும் பேரோசை! ஹோல்ஸ்டின் புதல்வி இமோஜென் இதனை விரும்பவில்லை. அவருடைய மனத்தாங்கலில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், பிற்காலத்தில் கோள்களைப் பற்றி எழுந்த ஆவணப்படமொன்று இம்மின்னிசையையே பின்னணியாகக் கொண்டதனைக் கருதுமிடத்து, விண்கலங்கள் அனுப்பிய படங்களுக்கு மூல இசையைவிட இதுவே பொருத்தம் என்று சொல்லத் தோன்றுகிறது.