தோணிக்கு வழிவிடுவோம்

மட்டக்களப்பு வாவியில் எமது மீனவர்கள் சிறு தோணியில் எழுந்து நின்று வலை வீசுகின்றனர். அருகே இயந்திரப் படகு விரைந்தால் அதன் அலையே தோணியைக் கவிழ்க்கலாம். அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகும். வலை இயந்திர விசிறியில் சிக்கினால் பிழைப்பும் போய்விடும்.

1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகள் கூறுவது இதுதான்: வலை போட்டதால் இலகுவில் திரும்ப முடியாத படகுக்கும் பாய்ப்படகுக்கும் இயந்திரப் படகே விலகிச் செல்ல வேண்டும்.

படகோட்டிகள் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். கிட்ட வந்து குறைத்தால் அலை பெருக்கும். தோணியில் நிற்போர் உடனே உட்கார்ந்து, அணியத்தை அலையை நோக்கித் திருப்ப வேண்டும். பக்கவாட்டில் அலையை ஏற்கக் கூடாது.

கரையில் சண்டையிடுவதை விட, இரு தரப்பினரும் ஒன்றுகூடி, வலை போடும் இடங்களையும் படகு செல்லும் பாதையையும் பேசி முடிவு செய்வோம். வாவி நம் எல்லோருக்கும் பொதுவானது.