நட்டஈடும் வருமான வரியும்

ஈட்டுவது வேறு, ஈடு வேறு. உழைப்பினாலே தேடுவது ஈட்டிய பொருள், அது வருவாய். இழந்ததற்கு நிகராகப் பெறுவது ஈடு. அஃது இழப்பை நிரப்புமேயன்றிச் செல்வத்தைப் பெருக்குவதன்று. நம் ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து காணும் துறைமுகத்திலே, சுமை வீழ்ந்து ஒரு தொழிலாளி காலை இழப்பானாயின், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி அவன் பெறும் பணம் இழந்த காலுக்கு ஈடேயாகும். இத்தகைய பணத்திலே வரிக்குப் பங்குண்டோ? இவ்வினா பல நாட்டு நீதிமன்றங்களை ஏறியுள்ளது.

இங்கிலாந்திலே புகைவண்டி விபத்தில் ஊறுபட்ட கூர்லி என்னும் பொறியியலாளருக்கு, இழந்த ஊதியத்தின் பொருட்டு 37,720 பவுண் விதிக்கப்பட்டது. 1955 டிசெம்பரிலே பிரபுக்கள் சபை அதனை 6,695 பவுணாகக் குறைத்தது. அவர் உழைத்து அவ்வூதியத்தைப் பெற்றிருப்பின் பெரும்பகுதி வரியாகச் சென்றிருக்கும். ஆதலின் வரிபோக எஞ்சியதே உண்மையான இழப்பு என்பது தீர்ப்பின் கருத்து. ஆயினும் குறைத்த தொகை வரியாக அரசிறையிற் சேரவில்லை. நட்டஈடு செலுத்தவேண்டிய தரப்பிடமே தங்கிற்று.

அமெரிக்காவிலே 1996ஆம் ஆண்டுத் திருத்தம், உடற்காயத்தின் வழிவந்த ஈட்டுக்கு மட்டுமே வரிவிலக்கு அளித்தது. மனவேதனைக்கும் நற்பெயர்க் கேட்டுக்குமாக 70,000 டொலர் பெற்ற மர்பி என்னும் பெண்மணி வழக்காடினார். அவ்விழப்பீடு வருவாயன்று என 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நீதிமன்றமே 2007இல் தன் தீர்ப்பை மாற்றி, வரி செல்லும் என்றது.

இந்தியாவிலே வரி வேறொரு வாயிலால் நுழைந்தது. மோட்டார் விபத்து வழக்குகள் பல்லாண்டு நீள்வதால், ஈட்டுத்தொகையுடன் வட்டியும் வழங்கப்படும். வட்டி என்ற பெயர் கண்டதும், வருமானமெனக் கொண்டு அதில் வரி பிடித்தனர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்ட வழக்கொன்றிலே, அவ்வாறு பிடித்தல் தகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் கூறிற்று. 1978இல் எட்டு வயதிலே விபத்துக்குள்ளான ஒருவரின் வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் இன்னுந் தெளிவாகத் தீர்ப்பளித்தது: வழக்குத் தொடுத்த நாள்முதல் இறுதித் தீர்ப்பு வரையுள்ள வட்டி நட்டஈட்டின் கூறே, வருமானமன்று. வட்டிக்கு எவ்வாண்டில் வரி விதிப்பதென 2009ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வகுத்த விதி, வருமானமல்லாத ஒன்றை வருமானமாக்காது.

இத்தீர்ப்பின் நியாயம் எளிது. கடன் கொடுத்தவன் பெறும் வட்டி அவன் முதலின் பயன். ஊறுபட்டவன் பெறும் வட்டியோ, உரிய காலத்தே கிடையாத ஈட்டை அவன் காத்திருந்த காலத்துக்கேற்ப நிறைவாக்குவது. தன் விருப்பத்தால் அவன் எவருக்குங் கடன் கொடுத்தானல்லன்.

நம் கல்லூரி மாணவருள் நாளை வழக்கறிஞராவோரும் வரி அலுவலராவோரும் பலர். அவர்கள் பெயரை மட்டும் நோக்காது பெயர் சுட்டும் பொருளையும் நோக்குவாராக. மருத்துவச் செலவுக்கு எவ்வளவு, இழந்த ஊதியத்துக்கு எவ்வளவு, வேதனைக்கு எவ்வளவு, வட்டி எந்நாள்முதல் என்பன தீர்ப்பிலே தனித்தனி எழுதப்பெறுமாறு வேண்டுதல் வழக்கறிஞர் கடன். அது தெளிவாக இருப்பின், ஈடு ஏது, ஈட்டம் ஏது என்பதைப் பின்னர் எவரும் மயங்கார்.