கடைமடைக்கும் நீர்: கண்மாய்ப் பாசனத்தில் பிறநாட்டு ஒத்துழைப்பு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திருவண்ணாமலைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருந்திரளான ஜனங்கள் வருவது யாவரும் அறிந்ததே. அக்குன்றைச் சூழ்ந்த நிலங்களும், தெற்கே ராஜபாளையம் வரையிலுள்ள நிலங்களும் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கண்மாய்களை நிரப்புகின்றது. நெல் வயல்கள் மடை வழியாக அந்நீரைப் பெறுகின்றன. மாவும் தென்னையும் கிணற்றை நம்பியிருப்பினும், கிணற்றின் ஊற்றும் கண்மாய் நிறைவதைப் பொறுத்ததேயாகும்.

ஒரு கண்மாயில் தேங்கும் நீர் அளவுபட்டது. தலைமடையில் நிலமுடையவர் வரம்பின்றிப் பாய்ச்சுவாராயின், கதிர் வெளிவரும் தருணத்தில் கடைமடைப் பயிர் வாடும். அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ மட்டும் உடைய குடியானவருக்கு அது அவ்வாண்டின் ஜீவனத்தையே இழப்பதற்கு ஒப்பாகும்.

கடனும் அதன் நோக்கமும்

இயற்கை வளத்தை அழிக்காமலும், எளியவரை ஒதுக்காமலும் செல்வம் பெருக்குவதையே இக்காலத்தில் பசுமைப் பொருளாதாரம் என்கின்றனர். இவ்வழியில் திரும்ப விரும்பும் நாடுகளுக்குத் துணைபுரியும் பொருட்டு, ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் ஐந்து அங்கங்கள் 2013-ஆம் ஆண்டில் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கின. தமிழ்நாட்டுக் கண்மாய்களுக்கோ அயல்நாட்டு உதவி அதற்கு முன்னரே வந்தது. 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் துணையுடன் ஏரிகளைச் சீர்திருத்தும் வேலை நடைபெற்றது. பின்னர் உலக வங்கியின் கடனுதவியுடன், நீர்நிலைகளைப் புதுப்பித்துப் பாசன விவசாயத்தை நவீனமாக்கும் திட்டம் 2007 முதல் 2015 வரை நடைபெற்றது. அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கடன் 48.5 கோடி டாலர். வத்திராயிருப்புக்கு மேற்கே பெரியாறும் கோவிலாறும் இறங்கி உருவாகும் அர்ச்சுனா நதியின் உபபடுகை, முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவற்றுள் ஒன்றாகும். 2017-இல் 31.8 கோடி டாலர் கடனுடன் மற்றொரு திட்டம் இசைவு பெற்றது.

இத்தொகைகள் நன்கொடையல்ல, மீளச் செலுத்தவேண்டிய கடன். கரையை உயர்த்தி, மடையையும் கலுங்கையும் பழுதுபார்த்து, வரத்துக்காலைத் தூர்வாரியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆதலின் பாசனத்துக்குரிய இலாகாவுடன் விவசாயம், தோட்டக்கலை, விவசாயப் பொறியியல், கால்நடை, மீன்வள இலாகாக்களும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அத்திட்டத்தில் ஒருங்கே ஈடுபடுத்தப்பட்டன. தேக்கிய நீரைக் கொண்டு மிகுந்த பயன் அடையும் வழியைக் காட்டுவதே அதன் கருத்து.

மடகாஸ்கரிலிருந்து வந்த முறை

அவ்வாறு பரப்பப்பட்டவற்றுள் முதன்மையானது, குடியானவர் ஒற்றை நாற்று நடவு என்று சொல்லும் செம்மை நெல் சாகுபடி. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கேயுள்ள மடகாஸ்கர் தீவில், அந்நாட்டுக் குடியானவரோடு பல ஆண்டுகள் உழைத்த ஹென்றி டி லௌலானியே என்னும் பிரெஞ்சுத் துறவி 1983-இல் இம்முறையை வகுத்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இதைப் பிற நாடுகளுக்கு எடுத்துரைத்தனர். கோயம்புத்தூரில் 2000-ஆம் ஆண்டு முதல் சோதனைகள் நடந்தன. காவிரி, தாமிரபரணிப் பகுதிகளில் குடியானவர் வயல்களிலேயே பரீட்சை செய்தபின் இது பரவலாயிற்று.

ஓர் ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். ஒரு சென்ட் பரப்பில் பாய் நாற்றங்கால் அமைத்து, 14 நாள் வயதுள்ள நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடவேண்டும். நட்ட பத்தாம் நாள் முதல் பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியை இரு திசையிலும் ஓட்டினால் களை மண்ணில் அமிழ்ந்து எருவாகும். வேருக்குக் காற்றும் கிட்டும். மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றிய பின்னரே 2.5 செ.மீ. ஆழத்துக்கு நீர் கட்டவேண்டும். சூல்கட்டும் பருவத்துக்குப் பின் மட்டும் வயல் காயாதபடி பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

நீர் இடையறாது தேங்கும் வயலில் காற்றுப் புகாமையால் மீத்தேன் வாயு உண்டாகின்றது. அது பூமியின் வெப்பத்தை மிகுவிப்பது. விட்டுவிட்டுப் பாய்ச்சும் வயலில் அது குறைகின்றது. பிலிப்பைன்ஸில் 1960-இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும், துளையிட்ட குழாயை வயலில் பதித்து நீர்மட்டம் பார்த்துப் பாய்ச்சும் முறையை இதே கருத்துடன் பரப்பி வருகின்றனர்.

மிச்சமாகும் நீர் யாருக்கு?

ஓர் ஏக்கரில் 2.5 செ.மீ. நீர் என்பது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். 5 செ.மீ. கட்டும் வழக்கமுடைய தலைமடைக்காரர் அதில் பாதியைக் குறைத்தால், ஏக்கருக்கு ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவ்வளவு நீர் கண்மாயில் நிற்கும். அவருக்கு விளைவு குறைவதில்லை. கடைமடைக்காரருக்கோ அதுவே கடைசிப் பாய்ச்சல்.

எனினும், முறைப்பாய்ச்சல் ஒழுங்காக நடவாத ஊர்களில் இது நிறைவேறாது. அடுத்த முறை நீர் வருமோ வராதோ என்று அஞ்சுபவர், வந்தபோதே வயலை நிரப்பிக்கொள்வார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆகையால் 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டப்படி ஏற்பட்ட நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமே இதற்கு உயிர்நாடி. ஊரார் கூடிக் கண்மாய் வேலை செய்யும் குடிமராமத்து இந்நாட்டின் பழைய வழக்கமேயாதலின், சங்கம் என்பது அயலாரிடம் கற்கவேண்டிய புதுமையன்று.

கூலியாட்களின் நிலையும் கவனிக்கத்தக்கது. நெல் வயலில் நடவும் கைக்களையும் பெண்களின் முக்கிய வருவாய். கருவி வந்தபின் பல இடங்களில் களைவேலை ஆண்கள் வசமாயிற்று. எடை குறைந்த கருவிகளைத் தருவித்து, அவற்றை ஓட்டப் பெண்களைப் பழக்கி, உரிய கூலி கொடுப்பதே நியாயம். அவ்வாறின்றேல், மண்ணுக்கு நன்மையான முறை மண்ணில் உழைப்பவருக்குத் தீமையாய் முடியும்.

செய்யவேண்டுவன

தலைமடையில் நிலமுடையோர் இந்தச் சாகுபடியைத் தம் வயலில் ஓர் ஏக்கரிலாவது முதலில் நடத்திக்காட்டுதல் நன்று. மழைக்காலம் தொடங்குமுன் வரத்துக்காலும் கலுங்கும் பார்வையிடப்பட வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் நீர்பிடிப்பில் ஆக்கிரமிப்பு நேராமல் காப்பதோடு, பாய்ச்சல் முறையை எழுதி யாவரும் காணும்படி ஒட்டச் செய்யலாம். சங்கத்தின் கூட்டத்தில் கடைமடைக்காரரும் பெண்களும் பேச இடம் பெறுதல் அவசியம்.

கடனுக்குத் தவணை உண்டு. திட்டத்துக்கு முடிவு நாள் உண்டு. அதன்பின் மடையைத் திறப்பவரும் அடைப்பவரும் அவ்வூராரே. அவர்கள் முறை தவறாது நடப்பார்களாயின், தூர நாட்டிலிருந்து வந்த உதவி இவ்வூர்க் கடைமடையில் நெல்லாக நிலைத்து நிற்கும்.