முகம் மாறினால் குணம் மாறுவது ஏன்?

கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள சிதறால் மலைப்பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைக் கண்டு வியப்போர், இந்த ஜில்லாவின் பாறைகள் காலாந்தரத்தில் சிதைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணலாக ஒதுங்குவதையும் சற்றே எண்ணிப் பார்க்கலாம். தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலால் 1909-இல் ஒரு ஜெர்மானிய ரசாயனரின் கண்ணில் பட்ட மோனசைட் என்னும் தாது, அம்மணலில்தான் உள்ளது. அதிலுள்ள சீரியம் என்னும் உலோகத்தின் ஆக்ஸைடு, மோட்டார் புகையின் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவை மாற்றும் கிரியா ஊக்கிகளில் முக்கிய அங்கம்.

விசேஷம் என்னவெனில், இதன் நுண்படிகங்கள் எண்முக வடிவில் மந்தமாகவும், கனசதுரமாகவோ கோலாகவோ இருந்தால் சுறுசுறுப்பாகவும் வேலை செய்கின்றன. பொருள் ஒன்றே, பின் ஏன் இந்த பேதம்? எண்முகத்தின் மேற்பரப்பில் ஒவ்வொரு பிராணவாயு அணுவையும் மூன்று சீரிய அணுக்கள் பற்றியிருக்க, கனசதுரத்தின் முகத்திலோ இரண்டே பற்றியிருப்பதால், அது எளிதில் கழன்று, கார்பன் மோனாக்ஸைடோடு சேர்ந்து அதைக் கரியமில வாயுவாக்குகிறது. காலியான இடத்தைக் காற்றின் பிராணவாயு வந்து நிரப்புகிறது.

சுறுசுறுப்புள்ள முகமே நிலையற்ற முகமும் ஆகும். கடும் உஷ்ணத்தில் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வடிவிழக்கின்றன. ஆகவே, நல்ல வடிவத்தை ஆக்குவதைவிட, அதைப் புகைக்குழாயின் வெப்பத்தில் காப்பதே கடினம் என்பேன்.