லினக்ஸ் கணிப்பொறியில் தோன்றும் கோளாறுகளும் அவற்றின் பரிகாரமும்

நமது நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் வட்டார அலுவலகங்களிலும் லினக்ஸ் இயங்குதளம் பல ஆண்டுகளாகவே உபயோகத்தில் இருந்து வருகிறது. கேரளத்தில் 2001-ஆம் ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று தொடங்கி, 2017 முதல் ‘கைட்’ என்ற பெயரில் நடந்துவரும் அமைப்பு, அம்மாநிலப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வியை இதன் மேல்தான் நிறுவியுள்ளது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம், ‘டெபியன்’ என்னும் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இந்தியப் பதிப்பை 2007-இல் வெளியிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளிக்கப்பட்டு வந்த பராமரிப்பு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்க இயலாத, ஆனால் நல்ல நிலையிலுள்ள பழைய இயந்திரங்களை வைத்திருப்போருக்கும் லினக்ஸ் ஒரு வழியாக இருக்கிறது.

இதற்கு விலை கிடையாது. மூலநிரல் யாவருக்கும் திறந்தே இருக்கிறது. இவையெல்லாம் நன்மைகளே. எனினும், ஒரு நாள் காலையில் கணிப்பொறி இயங்க மறுக்கும்போது இந்நன்மைகள் ஆசிரியருக்கு ஆறுதல் அளிப்பதில்லை. அத்தகைய சந்தர்ப்பத்தில் சாதாரணமாக என்ன நிகழ்கிறது? உதவிக்கு அழைக்கப்படுபவர் வட்டை அடியோடு துடைத்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு மணி நேரத்தில் இயந்திரம் வேலை செய்யத் தொடங்குகிறது. ஆனால், அதற்குள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மதிப்பெண் பதிவேடுகளோ, மண் பரிசோதனைக் குறிப்புகளோ, தடுப்பூசிக் கணக்குகளோ மறைந்துவிடுகின்றன. பழுதினால் மறைந்தவை அல்ல அவை, பரிகாரத்தினால் மறைந்தவை.

லினக்ஸில் நேரும் பெரும்பான்மையான கோளாறுகளில் உபயோகிப்பவரின் கோப்புகளுக்கு யாதொரு சேதமும் நேர்வதில்லை. இதன் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. வன்பொருளை ஆளும் கருநிரல் ஓர் அடுக்கு. அச்சு, வலையிணைப்பு, கடிகாரம் முதலியவற்றைக் கவனிக்கும் சேவைகள் மற்றோர் அடுக்கு. கண்ணுக்குத் தெரியும் சாளரங்களும் படங்களும் அதற்கும் மேலே உள்ள மெல்லிய அடுக்கு. உபயோகிப்பவரின் கோப்புகளோ ‘ஹோம்’ என்ற தனி அடைவினுள் இவற்றினின்றும் ஒதுங்கி நிற்கின்றன. திரை இருண்டுவிட்டது என்றால் மேலடுக்கு விழுந்துவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள். கீழே உள்ளவை ஓடிக்கொண்டேயிருக்கக் கூடும். ஆகவே, துடைப்பதற்கு முன் எந்த அடுக்கு விழுந்தது என்று கண்டறிவதே முதல் வேலை.

கடவுச்சொல் சரி, ஆனால் கதவு திறக்கவில்லை

மிக அதிகமாகக் காணப்படும் கோளாறு இது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தவுடன் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் அதே நுழைவுத் திரைக்கே வந்துவிடுகிறது. கடவுச்சொல் தவறு என்ற செய்தி வருவதில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இக்கட்டத்தில்தான். உண்மையில் பல வேளைகளில் வட்டு நிரம்பிவிட்டது என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. ஒவ்வொரு முறை நுழையும்போதும் மேலடுக்கு சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லையாதலால் அது தொடங்கிய இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

இதைச் சோதிப்பது எளிது. கண்ட்ரோல், ஆல்ட் என்னும் இரண்டு விசைகளையும் அழுத்திக்கொண்டே எஃப்3 விசையைத் தட்ட, சாளரங்கள் ஏதுமற்ற, எழுத்து மட்டுமே உள்ள ஒரு திரை தோன்றும். (சில மடிக்கணிப்பொறிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையலாம். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பிறகு, ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, எச் எனத் தட்டி எண்டர் விசையை அழுத்தினால், வட்டின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நிரம்பியுள்ளது என்னும் பட்டியல் வரும். 100 சதவீதம் என்ற எண் தென்பட்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

முற்றும் நிரம்பிய வட்டில் எவ்வாறு வேலை செய்வது என்ற ஐயம் எழலாம். லினக்ஸில் வழக்கமாக உபயோகிக்கப்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறை, நிறுவும்போதே 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. மற்றவர்களுக்கு இடமில்லாத போதும் நிர்வாகி உள்ளே சென்று ஒழுங்கு செய்ய இவ்வேற்பாடு உதவுகிறது. ‘சுடோ ஏபிடி கிளீன்’ என்ற கட்டளை, முன்பு இறக்கி நிறுவி முடித்த மென்பொருள் பொதிகளின் பிரதிகளை மட்டும் நீக்கும்; அதனால் தீங்கு எதுவுமில்லை. குப்பைத்தொட்டியில் கிடக்கும் பழைய ஒளிப்படங்களையும் காணொளிகளையும் நீக்கினால் மேலும் இடம் கிடைக்கும். வட்டில் இடம் இருந்தும் நுழைய முடியவில்லையெனில், முன்பு எவராவது ‘சுடோ’ சேர்த்து ஒரு சாளர நிரலைத் திறந்ததனால், ‘ஹோம்’ அடைவிலுள்ள சில கோப்புகள் நிர்வாகியின் உடைமையாக மாறியிருக்கலாம். அவற்றை உரியவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் போதும்.

மின்சாரம் நின்றுபோனால்

கிராமப்புறப் பள்ளிகளில் மின்தடை எப்போது வரும் என்று யாரும் சொல்ல இயலாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால் வட்டிலுள்ள கணக்குக் குழம்பிவிடாதா? இதற்கென எக்ஸ்ட்4 ஒரு முறையைக் கையாளுகிறது. கடையில் கணக்குப்பிள்ளை முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, பின்னர் பேரேட்டில் பதிகிறார் அல்லவா? அதுபோல, கோப்பு முறையும் தான் செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் ஒரு சிட்டையில் எழுதிக்கொள்கிறது. மின்சாரம் திரும்பியதும் சிட்டையைப் படித்துப் பேரேட்டைச் சரி செய்துகொள்கிறது. கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்னும் ஒழுங்கு இதனால் காக்கப்படுகிறது. மின்சாரம் நின்ற கணத்தில் திறந்திருந்து, சேமிக்கப்படாமலிருந்த ஆவணத்திற்கு மட்டும் இதில் உத்தரவாதம் கிடையாது.

சில சமயம் சிட்டையை வைத்துச் சரி செய்ய முடியாத அளவு குழப்பம் நேர்ந்துவிடும். அப்போது கணிப்பொறி பாதி வழியில் நின்று, அடைப்புக்குறிகளுக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று காட்டி, ஒரு கட்டளைக்காகக் காத்திருக்கும். பார்ப்பதற்கு அச்சமூட்டுவதாயினும் இது மரண அறிவிப்பு அல்ல. அனுமதி கேட்கும் விண்ணப்பமே. அதற்கு மேலுள்ள வரிகளைப் படித்தால், வட்டின் எந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டும் என்பதன் பெயர் எழுதப்பட்டிருக்கும். எஃப், எஸ், சி, கே என்ற நான்கு சிற்றெழுத்துக்களைத் தட்டி, இடைவெளி விட்டு, அப்பெயரை உள்ளபடியே எழுதினால் சோதனை தொடங்கும். முடிந்ததும் மறுபடி இயக்கலாம். இக்கட்டளையை, ஓடிக்கொண்டிருக்கும் வட்டுப் பகுதியின் மேல் ஒருபோதும் பிரயோகிக்கக் கூடாது.

மின்தடை ஏதும் இல்லாமலே இத்திரை வாரந்தோறும் வருமானால், குற்றம் மின்சாரத்தினுடையது அன்று. வட்டே தேய்ந்து வருகிறது எனக் கொள்ள வேண்டும். வட்டு டிக், டிக் என்று ஒலித்தாலும் அப்படியே. அந்நிலையில் சோதனையும் சீர்திருத்தமும் வட்டை மேலும் வருத்தும். முதலில் கோப்புகளை வேறிடத்திற்குப் பிரதி எடுத்துவிட்டுத்தான் மற்றவை. ‘டிஸ்க்ஸ்’ என்ற நிரலில் வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஆரோக்கியக் குறிப்பைக் காணலாம்.

கடிகாரத்தின் குறும்பு

கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்ததும் வரும் புகார் ஒன்று உண்டு: வலையிணைப்பு இருக்கிறது, ஆனால், எந்தத் தளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கிறது, மென்பொருள் புதுப்பிப்பும் நடைபெறவில்லை. கிருமி புகுந்துவிட்டது என்ற வதந்தி பரவுவதும் வழக்கம். திரையின் மூலையில் உள்ள தேதியை யாரும் பார்ப்பதில்லை. கணிப்பொறி அணைந்திருக்கும்போது அதன் கடிகாரத்தை ஓட்டுவது தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம். பெரும்பாலும் 3 வோல்ட் மின்னழுத்தமுள்ள சி.ஆர். 2032 என்ற வகை. அது தீர்ந்துவிட்டால் கடிகாரம் பின்தங்கிவிடும். ஏப்ரலில் மூடிய இயந்திரம் ஜூனிலும் ஏப்ரலையே காட்டலாம்; பல ஆண்டுகள் பின்னேயும் போகலாம். வலைத்தளங்களின் சான்றிதழ்களுக்கு, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற எல்லை உண்டு. இன்று பல தளங்கள் 90 நாள் சான்றிதழ்களையே வைத்திருப்பதால், இரண்டு மாதம் பின்தங்கிய கடிகாரத்தின் கணக்கில் அவை இன்னும் பிறக்கவே இல்லை! தேதியைத் திருத்தியவுடன் அனைத்தும் சீராகிவிடும். மின்கலத்தின் விலையும் அற்பமே.

ஆனால், கடிகாரம் மிகச் சரியாக 5 மணி 30 நிமிடம் மாறிக் காட்டினால், மின்கலத்தின் மேல் பழி போட வேண்டாம். ஒரே இயந்திரத்தில் விண்டோஸும் லினக்ஸும் இருக்குமிடத்தில் இது நிகழும். விண்டோஸ் உட்கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. ஒன்று எழுதியதை மற்றொன்று தன் வழக்கப்படி படிப்பதால் இவ்வேறுபாடு வருகிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்தில் எழுதும்படி அமைத்துவிட்டால் சச்சரவு தீரும்.

செய்தியைப் படித்தல்

புதுப்பிப்பு நடக்கும்போது நடுவில் அணைத்துவிட்டால், அடுத்த முறை எந்த மென்பொருளையும் நிறுவ முடியாது. ஆனால் அப்போது திரையில் வரும் செய்தியே, எந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும் என்று எழுத்துக்கு எழுத்துச் சொல்லிவிடுகிறது. அதை அப்படியே பிரதி செய்து தட்டினால், நின்ற இடத்திலிருந்து வேலை தொடரும். இவ்வளவு தெளிவான செய்தியையும் படிக்காமல் மூடிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பது வருந்தத்தக்கது. வேறொரு சமயம், ‘பூட்டு மற்றொருவரிடம் உள்ளது’ என்ற பொருளில் செய்தி வரும். பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு நடக்கிறது என்பதே அதன் கருத்து. கால் மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். பூட்டுக் கோப்பை அழித்துவிடுமாறு சிலர் யோசனை கூறுவர். இருவர் ஒரே பேரேட்டில் ஒருங்கே எழுதினால் என்ன ஆகுமோ அதுவே அங்கும் ஆகும்.

அச்சுப்பொறியைப் பற்றி ஒரு வார்த்தை: காகிதம் சிக்கி ஒருமுறை நின்றுவிட்டால், சிக்கலை எடுத்த பின்னும் லினக்ஸ் அதை ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்றே கருதிக்கொண்டிருக்கலாம். அமைப்புகளில் சென்று மறுபடி இயங்கச் செய்ய வேண்டும்.

வினாத்தாள்களில் பக்கம் மாறிப் போவது இயங்குதளத்தின் கோளாறு அன்று, எழுத்துருவின் இன்மை. கலிப்ரி எழுத்துருவுக்கு ஈடாக அதே அகலமுள்ள ‘கார்லிட்டோ’வும், கேம்பிரியாவுக்கு ஈடாகக் ‘கலடியா’வும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை நிறுவினால் வரிகள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழ் ஆவணங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். அவற்றை ஒருமுறை யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுவதே நிலையான வழி.

கைவசம் இருக்க வேண்டிய கருவி

ஒவ்வொரு பள்ளியிலும் 8 ஜிகாபைட் அளவுள்ள ஒரு பென் டிரைவில், நிறுவாமலே இயங்கக்கூடிய லினக்ஸ் பதிப்பு ஒன்றை எழுதி வைத்திருத்தல் அவசியம். இயந்திரத்தை அதிலிருந்து தொடங்கினால், உள்ளே உள்ள வட்டைத் தொடாமலே முழு இயங்குதளமும் ஓடும். இதனால் இரண்டு பயன்கள் உண்டு. கம்பியில்லா இணைப்போ ஒலியோ இதில் வேலை செய்து, நிறுவிய பதிப்பில் வேலை செய்யவில்லையானால், பழுது வன்பொருளில் இல்லை என்பது உறுதி. மற்றொன்று, தொடங்கவே மறுக்கும் கணிப்பொறியின் வட்டைத் திறந்து, ‘ஹோம்’ அடைவை வெளிவட்டு ஒன்றிற்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். நிறுவும்போது வட்டை மறைகுறியாக்கியிருந்தால் அதற்குரிய கடவுத்தொடர் இல்லாமல் இது நடவாது. ஆகவே அத்தொடர் ஒருவரது நினைவில் மட்டும் இருக்கலாகாது, அலுவலகப் பெட்டகத்திலும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வரலாம். முதன்முறை நிறுவும்போதே ‘ஹோம்’ அடைவுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தால், அப்போதும் கவலை குறையும். நிறுவும் நிரல் வட்டைப் பற்றிக் கேட்கும்போது, முழு வட்டையும் அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுக்காமல், பகுதிகளைக் கையால் அமைக்கும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமைப்புப் பகுதியை மட்டும் புதிதாக்கி, ‘ஹோம்’ பகுதியில் அதை மறுவடிவம் செய்யும் குறியை இடாமல் விட்டுவிட வேண்டும். பயனர் பெயரையும் முன்பிருந்தபடியே கொடுத்தால், பழைய கோப்புகள் பழைய இடத்திலேயே கிடைக்கும். அப்போதும், தொடங்குமுன் வெளிவட்டில் ஒரு பிரதி எடுத்து, அதை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்துக்கொள்வது நலம்.