வாத்தியம் இல்லாமல் மெட்டு: கணினி இசைக்கு எந்த மென்பொருள்?

கணினியில் இசையமைக்க உதவும் மென்பொருள் எதுவானாலும் அடிப்படையில் மூன்று வேலைகளைச் செய்கிறது. எந்தச் சுரம், எந்த நேரத்தில், எவ்வளவு நீளம், எவ்வளவு அழுத்தம் என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புக்கு ஒரு வாத்தியத்தின் ஒலியைக் கொடுக்கிறது. கடைசியில் எல்லா ஒலிகளையும் கலந்து ஒரே கோப்பாக்கித் தருகிறது. இதற்குக் கீபோர்டு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘பியானோ ரோல்’ என்னும் கட்டத்தாளில் மவுசால் கோலப்புள்ளி வைப்பதுபோலச் சுரங்களை வைத்தால் போதும். எல்எம்எம்எஸ், எஃப்எல் ஸ்டுடியோ போன்றவற்றில் தட்டச்சுப் பலகையே வாத்தியமாகவும் பயன்படும்.

இந்தக் குறிப்புகளுக்கான பொதுமொழி ‘மிடி’. 1983இல் வந்தது. சென்னையில் இசைக்கூடங்கள் இதை வெகு சீக்கிரமே கையில் எடுத்தன. இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ (1986) கணினி வழி இசைக்கோப்பைக் கேட்க வைத்த படங்களில் ஒன்று. 1992இல் ‘ரோஜா’வுக்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தது கணினியை நடுவில் வைத்த தம் வீட்டு இசைக்கூடத்தில்தான். அன்று லட்சங்கள் கேட்ட வசதி இன்று சாதாரண மடிக்கணினிக்குள் வந்துவிட்டது.

ஆனால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது விளம்பரத்தைப் பார்த்துச் செய்யும் வேலை அல்ல. நம் காதுக்குப் பழகிய ஒலியிலிருந்து தொடங்க வேண்டும். உதாரணமாக, சங்கரன்கோவில் வட்டாரத்துக் காது எதைக் கேட்டு வளர்ந்தது? ஆடித்தபசுத் திருவிழா, ஊர்க் கோயில் கொடை, நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு. நாகசுரம், தவில், பம்பை, உடுக்கை, குடம். இந்த ஒலி வேண்டும் என்பவர் மேற்கத்திய நடன இசை செய்பவரைவிட இரண்டு கேள்விகள் அதிகம் கேட்க வேண்டும்: சுரத்தை வளைக்க முடியுமா, நான்கில் அடங்காத நடையை வைக்க முடியுமா?

நடையை முதலில் பார்க்கலாம். பெரும்பாலான மென்பொருள்களின் தாளப் பெட்டி 16 கட்டங்களோடு திறக்கும். நான்கு நான்காகப் பிரித்த சதுஸ்ர நடை அது. திஸ்ர நடைக்கு அதை 12 ஆக்க வேண்டும், மிஸ்ர சாப்புக்கு 14 ஆக்கலாம். எல்எம்எம்எஸ் உட்படப் பல மென்பொருள்களில் கட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி உண்டு. பலர் இதைத் தேடிப் பார்க்காமல், திஸ்ரத்தில் துள்ள வேண்டிய மேளத்தை 16 கட்டத்துக்குள் நசுக்கிவிடுகிறார்கள்.

சுரத்தை வளைப்பதுதான் பெரிய விஷயம். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆதார ஷட்ஜத்தைச் சி என்று வைத்தால், கட்டத்தில் அதற்கான இடம் டி-ஷார்ப். அங்கே ஒரு புள்ளியை வைத்து நீட்டினால் சுரம் கேட்கும், தோடி கேட்காது. தோடியில் அந்தக் காந்தாரம் நிற்பதில்லை; சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் நடுவே அசைகிறது. டி-ஷார்ப்பிலிருந்து கீழே இரண்டு அரைச்சுரம் ரிஷபம், மேலே இரண்டு அரைச்சுரம் மத்தியமம். மிடியில் சுரத்தை வளைக்கும் ‘பிட்ச் பெண்ட்’டின் வழக்கமான எல்லையும் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம்தான், மொத்தத் தூரத்தை 16,384 படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த வளைவுக் கோட்டைப் பியானோ ரோலுக்குக் கீழே மவுசால் அலையலையாக வரைந்தால் காந்தாரம் உயிர்பெறும். முதல் நாலு முறை கோணலாக வரும், பிறகு கை பழகும். ஆகவே மென்பொருளைச் சோதிக்கும்போது இந்த வளைவை வரைய எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று பார்ப்பது, பளபளக்கும் நூறு ஒலிகளைக் கேட்டுப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

எழுத்தில் சுரம் தெரிந்தவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. கர்நாடக இசைக்கென்றே உருவான ‘காயகா’ என்ற மென்பொருள், ச ரி க ம என்று தட்டச்சு செய்த குறிப்பைக் கமகத்தோடு, அதாவது சுரத்தின் அசைவோடு, வாசித்துக் காட்டும்.

அடுத்தது ஒலி. மிடியோடு வழக்கமாக வரும் பொது வாத்தியப் பட்டியலில் 128 ஒலிகள் இருக்கின்றன. சிதார் உண்டு, ஷெனாய் உண்டு. நாகசுரமோ தவிலோ வீணையோ கிடையாது. ஷெனாயை நாகசுரத்துக்குப் பதிலாக வைத்தால் ஆடித்தபசுக் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட ஏமாறாது. இந்திய வாத்தியங்களுக்கென்று ‘ஸ்வர்பிளக்’ போன்ற தனிச் செருகுநிரல்களை விலைக்கு வாங்கலாம். செலவில்லாத வழி நாமே பதிவு செய்துகொள்வது. வில்லுப்பாட்டில் குடம் வாத்தியம். வீட்டிலும் குடம் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, குடத்தின் வாயில் ஒரு தட்டு, வயிற்றில் ஒரு தட்டு என்று மெதுவாகவும் பலமாகவும் செல்போனில் பதிந்து, ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே நறுக்கினால் எட்டுப் பத்து ஒலிகள் சேரும். அவற்றைத் தாளப் பெட்டியில் ஏற்றியதும் கணினி குடம் வாசிக்கத் தொடங்கிவிடும். உறுமியின் இழுவை மட்டும் இப்படி எளிதில் பிடிபடாது. தோலில் குச்சி தேயும்போது ஒலி வளைந்துகொண்டே போகிறது, துண்டு துண்டாக நறுக்கினால் அது செத்துவிடும். முழு வரிசையாகவே பதிந்து பயன்படுத்த வேண்டும்.

இனி மென்பொருள். காசு போடாமல் தொடங்க எல்எம்எம்எஸ் நல்லது; விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். அதன் நிலையான பதிப்பில் குரலை நேரடியாகப் பதிய முடியாது என்பது ஒரு குறை. பாட்டும் வேண்டும் என்பவர்கள் ஆடாசிட்டியில் பாடிப் பதிந்து இங்கே கொண்டுவர வேண்டியிருக்கும். எஃப்எல் ஸ்டுடியோவின் பியானோ ரோல் மிக வசதியானது, ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் புதிய பதிப்புகள் இலவசம். ஆனால் சோதனைப் பதிப்பில் சேமித்த பாட்டை உரிமம் வாங்கும்வரை மீண்டும் திறக்க முடியாது. அடிமட்டப் பதிப்பில் குரல் பதிவும் இல்லை. ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர்; குரலும் மேளமும் கலந்த வேலைக்கு இதுவே பொருத்தம். ஆனால் அதனுடன் வாத்திய ஒலிகள் அதிகம் வராது என்பதால் வெளியே தேட வேண்டும். மேக் வைத்திருப்பவருக்குக் கராஜ்பேண்ட் இலவசம். கணினியே இல்லாதவர் ஆண்ட்ராய்டு போனில் பேண்ட்லேப்பில் தொடங்கலாம். திருட்டுப் பிரதிகளைத் தொடவே வேண்டாம். அவற்றோடு வைரஸும் சேர்ந்து வரலாம், இவ்வளவு இலவச வழிகள் இருக்கும்போது தேவையும் இல்லை.

கணினிக்கு 8 ஜிபி நினைவகம் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். மவுசால் மட்டும் சுரம் வைப்பவர் விலையுயர்ந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கத் தேவையில்லை. விரலுக்கும் ஒலிக்கும் இடையே வரும் தாமதம் நேரடியாக வாசிப்பவருக்குத்தான் இடைஞ்சல். மின்சாரம் போனால் வேலை போகாமலிருக்க, தானாகச் சேமிக்கும் வசதியை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

பாட்டு எங்கே ஒலிக்கப் போகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோயில் கொடையில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி அடித்தொனியைச் சரியாகத் தராது. இடது வலது என்ற பிரிவும் அங்கே இருக்காது. ஹெட்போனில் அதிர்ந்த தவில் அங்கே காணாமல் போகலாம். முடிப்பதற்கு முன் மோனோவாக மாற்றி, சின்ன ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டு, தவிலின் நடுத்தொனியை ஏற்றிக்கொள்வது நல்லது.

பின்னாளில் வேறு மென்பொருளுக்கு மாறினால் மிடிக் கோப்பு எங்கும் திறக்கும். ஆனால் அதில் சுரக் குறிப்பு மட்டுமே இருக்கும், ஒலி இருக்காது. அதனால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி வேவ் கோப்பாகவும் எடுத்து வைக்க வேண்டும். சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் பத்து வாத்தியம் என்றால் 500 எம்பி, ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும்.